புத்தகத்தில் விட்டுப்போன கரடு

எங்கள் வெள்ளூரணியில் புத்தகம் எழுதுகிற ஆள் என்று ஒருவர் முளைக்காத வரைக்கும் மலை இருந்த இடத்தில் மலையும், ரோடு இருந்த இடத்தில் ரோடும், என் வடகக் களத்தில் வெயிலும் இருந்தன. அந்த ஆள் முளைத்தது வேறெங்கும் இல்லை, என் வீட்டுப் பின்கட்டில்தான். என் வீட்டுக்காரரோடு பிறந்த தம்பி, பெயர் கோமதிநாயகம், கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணமே வேண்டாம் என்று காலத்தை ஓட்டிவிட்டவர். அண்ணன் செத்த பிறகும் மதினி கைச் சோறுதான் அவருக்கு. வேலையில் இருந்தபோது மாட்டுக்கு ஊசி போட எந்தப் பைக்கில் எந்த ஊர்களுக்குப் போனாரோ, ஓய்வு பெற்ற பிறகு அதே பைக்கில் அதே ஊர்களுக்கு வரலாறு தேடிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, எந்த ஜமீன் எந்த ஜமீனோடு எந்தக் கிணற்றுக்காக அடித்துக்கொண்டது, எந்த வயலோடு கரிசல் முடிந்து செம்மண் தொடங்குகிறது, பஞ்சத்தில் சனங்கள் எந்தக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். கூழ் கிண்டுகிற கையோடு நான் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இப்படி வருஷக்கணக்கில் நான் 'ம்' கொட்டிக் கொட்டி ஒரு புத்தகம் வந்தது. 'செவக்காட்டுச் சீமை: நிலமும் வாழ்வும்' என்று பெயர், தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தடிமன், பின்னட்டையில் 'எங்கள் சீமையின் கல், மண், மரம், மனிதர் எதுவும் விடுபடாத முழுமையான நூல்' என்று கொட்டை எழுத்து. அந்த வரியை அச்சகத்துக்காரர் தாமாகப் போட்டாரா, இவர் சொல்லிப் போட்டாரா என்று இன்றுவரைக்கும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. பேசினவர்கள் எல்லாரும் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள், ஆளுக்கொரு பொன்னாடை, கேசரியில் முந்திரி இருந்தது, அதுவரைக்கும் குறையில்லை. என்னோடு வடகம் பிழிகிற மாடத்தியும் மற்றப் பெண்களும் நானும் காலையிலேயே களம் நிறையப் பாய் விரித்துப் பிழிந்துவைத்துவிட்டுத்தான் விழாவுக்குப் போயிருந்தோம். மத்தியானம் திரும்பி வந்து தெருமுனையில் நின்று பார்த்தால், என் களத்துக்குக் கிழக்கே, பாதி ரோட்டிலும் மீதி பேரூராட்சிக் குப்பை மேட்டிலுமாக ஒரு கரடு உட்கார்ந்திருந்தது.

கரடு என்றால் பெரிய மலை ஒன்றுமில்லை. இரண்டு பனை உயரத்துக்கு ஒரு பாறைக் குன்று, ஆங்காங்கே கள்ளிப் புதர், உச்சியில் நாலைந்து ஆடு. ஆடுகள் நடந்தது எதுவும் தெரியாத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. வந்ததும் வந்தது, பார்த்துத்தான் வந்திருந்தது. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு முழம் இடம் விட்டு, டீக்கடை நாகமணி அண்ணாச்சியின் பெஞ்சைத் தொடாமல், ஒரு கோழியைக்கூட நசுக்காமல் உட்கார்ந்திருந்தது. என் வடகத்தின் மேல் மட்டும் செம்மண் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. மாடத்தி இடுப்பில் கை வைத்து அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இது வடக்கே கல்லுப்பாதைக்கு அந்தப்புறம் கிடந்த கரடு அல்லவா, இங்கே என்ன செய்கிறது என்று, சந்தையில் சொந்தக்காரியைப் பார்த்தவள் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

எனக்கு அது எங்கே கிடந்தது என்பது பற்றிக் கவலை இல்லை, எங்கே வந்து கிடக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். என் களத்துக்கு மேற்கே எங்கள் வீடு. மத்தியானம் தாண்டினால் வீட்டு நிழல் விழுந்துவிடும். கிழக்கு மட்டும்தான் வெட்டவெளி, விடிந்ததிலிருந்து உச்சிவரைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற வெயில்தான் என் பிழைப்பு, மாடத்தி பிழைப்பு, எங்களோடு உட்கார்ந்து பிழிகிற பெண்களின் பிழைப்பு. கூழ் வடகம் முதல் நாளே சுள்ளென்று காய வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் புளிக்கும், அதற்கு மறுநாள் பூஞ்சணம் பூக்கும். மொட்டைமாடி இல்லாத ஓட்டு வீடு, கரட்டின் மேல் விரிக்கலாம் என்றால் ஆடு. உச்சிப்பொழுதில் களத்து நடுவே பாய் அகலத்துக்கு விழுகிற கொஞ்ச வெயிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, வடகத்தை விசிறியால் வீசவா?

ஊருக்கு என்ன, ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நாகமணி அண்ணாச்சி, நிழல் கிடைத்தது என்று பெஞ்சை இன்னும் நாலடி உள்ளே தள்ளிப்போட்டு வடைச் சட்டியும் வைத்துவிட்டார். பஸ் சுற்றிப் போக ஆரம்பித்தது, கண்டக்டர் 'கரடு இறங்கு' என்று கூவினார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு சறுக்கி விளையாடி டவுசர் கிழித்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார், சர்வேயர் சங்கிலியோடு வந்தார், வரைபடத்தை விரித்தார், வரைபடத்தில் கரடு வடக்கே இருப்பதால் இங்கே கரடு இல்லை என்று சொல்லிவிட்டு, கரட்டில் சாய்ந்து நின்று டீ குடித்துவிட்டுப் போனார். ஆட்டுக்காரர் மட்டும் தினமும் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டு, அவை இறங்கி வர மாட்டேன் என்கின்றன என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டு போவார். ஏன் என்னிடம் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் எல்லாரும் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார்கள்.

அது ஏன் வந்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் சீமையில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு சொந்தக்காரர் பெயர் விட்டுப்போனால், அவர் சண்டைக்கு வர மாட்டார், வராமலும் இருக்க மாட்டார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு முகூர்த்த நேரத்துக்குச் சரியாக வந்து, கல்யாண வீட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றுவிடுவார். உள்ளேயும் வர மாட்டார், போகவும் மாட்டார். வீட்டுக்கு மூத்தவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, துண்டு வைத்து எடுத்துக்கொண்டு, வாசற்படியில் ஒரு தரம், பாதி வழியில் ஒரு தரம், அவர் முகத்துக்கு நேரே போய் நின்று ஒரு தரம் என்று மூன்று தரம் உறவுமுறை சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கு வாசப்பிணக்கு என்று பெயர். கூப்பிட ஆளில்லாமல், மணப்பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கிறவரைக்கும் நின்ற தாய்மாமன் எல்லாம் எங்கள் ஊரில் உண்டு. அதனால் கரட்டைப் பார்த்தவுடன் ஊரே புத்தகத்தைப் புரட்டியது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரைக்கும் தேடினார்கள். பெரிய மலை இருந்தது, நடுத்தர மலை இருந்தது, அவற்றில் உள்ள கல்வெட்டு, குகை, சுனை எல்லாம் இருந்தன, இந்தக் கரட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நான் தோசைக் கரண்டியோடு பின்கட்டுக்குப் போய், ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். கொழுந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதைப் பத்தி எழுத என்ன இருக்கு மதினி? கல்வெட்டு கிடையாது, கோயில் கிடையாது, ஒரு ராசா அந்தப் பக்கம் ஒதுங்கினதுகூடக் கிடையாது. டூட்டியில இருந்த காலமெல்லாம் அதோட நிழல்ல உக்காந்துதான் மத்தியானச் சோறு தின்னுருக்கேன். அது வரலாறா?"

"சோறு போட்டவ பேரை விடுதது உங்க குடும்பத்துக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புத்தகத்தின் முன்னுரையில் அவர் நன்றி சொல்லியிருந்தவர்களில் டைப் அடித்தவர், பைண்டிங் செய்தவர், பைக்குக்குப் பஞ்சர் ஒட்டினவர் எல்லாரும் உண்டு. நான் அதற்கெல்லாம் வாசலில் போய் நிற்கிற ஆள் இல்லை, எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

முதலில் தாம்பாளம் எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த பிறகுதான், முறை சொல்லிக் கூப்பிட வேண்டுமே, கரடு நமக்கு என்ன முறை என்ற கேள்வி வந்தது. மாமன் என்றால் முதல் மரியாதை கேட்கும் என்றார்கள், சித்தப்பா என்றால் வயசுக்குக் குறைச்சல் என்றார்கள், மச்சான் என்று சொல்ல மேலத்தெரு ஒப்பவில்லை, தாத்தா என்று சொல்ல, தங்கள் தாத்தாவை மட்டும் கல் என்று சொன்னதாகக் கீழத்தெருவுக்குக் கோபம். வெற்றிலை வாடினதுதான் மிச்சம். கடைசியில் பெரியப்பா என்று முடிவு செய்து, எது முகம் எது முதுகு என்று தெரியாததால் ரோட்டுப் பக்கம் நின்றே மூன்று தரம் கூப்பிட்டார்கள். கரடு அசையவில்லை.

அடுத்தது, எழுதி ஒட்டிவிடலாம் என்று யோசனை. விட்டுப்போன பக்கத்தை அச்சடித்துப் புத்தகத்தில் சொருகிவிட்டால் பிணக்குத் தீரும் என்று ஊரே கொழுந்தனை நெருக்கியது. அந்த மனுஷரும் என் புலம்பல் தாங்காமல் ஒரு பக்கம் எழுதினார். பாண்டிய மன்னன் ஒருவன் போருக்குப் போகிற வழியில் இந்தக் கரட்டில் இளைப்பாறி வாளைத் தீட்டினான் என்றும், தீட்டின தடம் இன்றும் இருக்கிறது என்றும் எழுதி, கரட்டின் அடியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். 'வாளை' என்று வாசித்த இடத்தில் உச்சியிலிருந்து ஒரு கூடைச் சரளை உதிர்ந்து நேராக நாகமணி அண்ணாச்சியின் பால் சட்டியில் விழுந்தது. கொழுந்தன் முகம் செத்துப்போயிற்று. வாழ்நாளில் முதல் பொய் எழுதினேன், அதுவும் பாலில் விழுந்தது என்று சொல்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இதற்குள் வேறொரு தலைவலி ஆரம்பமாயிற்று. கரடே வந்து கேட்கும்போது நமக்கென்ன என்று, புத்தகத்தில் பெயர் விட்டுப்போன மனிதர்களும் வர ஆரம்பித்தார்கள். ஊருக்கு முதல் ரைஸ்மில் வைத்தவரின் பேரன், வெள்ளைக்காரனைக் கடித்த நாய்க்குச் சொந்தக்காரரின் கொள்ளுப்பேத்தி, ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி என் வாசலில் நின்றார்கள். சில பேர் நின்று பயனில்லை என்று தாங்களே புத்தகம் போடக் கிளம்பினார்கள். மேலத்தெரு ஒரு வரலாறு போட்டது, கீழத்தெரு அதற்கு மறுப்பு வரலாறு போட்டது, நகைக்கடைக்காரர் தம் குடும்பத்துக்கென்று தனியாக வழவழத் தாளில் கலர் வரலாறு போட்டார். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் அத்தியாயம் கரட்டின் புகழ்தான். மாணிக்க மலையே, மரகதக் குன்றே என்று பக்கம் பக்கமாகப் பாடியிருந்தார்கள், கரட்டின் மேல் உள்ள பாசத்தால் அல்ல, அது எழுந்து தங்கள் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்ற பயத்தால். அத்தனை விழாவுக்கும் என்னை அழைத்தார்கள். அத்தனை கேசரியும் நான் தின்றேன். கரடு என் களத்தை விட்டு நகரவில்லை.

வடகம் புளித்தது. டவுன் மெஸ்காரர்கள் முதலில் பொறுத்தார்கள், பிறகு முகம் சுளித்தார்கள், பிறகு வேறு ஊர் வடகம் வாங்க ஆரம்பித்தார்கள். என்னோடு இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். மாடத்தி மட்டும் போகாமல், வடகம் பிழிகிற அச்சைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, நிழலில் என் எதிரே உட்கார்ந்து கரட்டை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு மாமியார், ஊர் சுற்றுகிற ஒரு புருஷன். களம் போனால் நானாவது கொழுந்தன் பென்ஷனில் கஞ்சி குடிப்பேன், அவள் என்ன குடிப்பாள்? அதை நினைத்தால் எனக்குக் கரட்டைக் காலால் உதைக்கலாம் போல இருந்தது. ஒரு நாள் உதைத்தேன். கால் பெருவிரல் வீங்கிற்று.

அப்போதுதான் பூல்பாண்டி வந்தார். பழைய பேரூராட்சித் துணைத் தலைவர், லாரி வைத்திருப்பவர், புத்தக விழாவில் முதல் பிரதியை வாங்கினவரும் அவர்தான். கரடு கிளம்பி வந்த பள்ளத்தில் ஆடு மாடு விழுந்துவிடக் கூடாது என்று தம் செலவிலேயே அந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடைத்தவர். பிணக்கை ஊர் கூடி முறையாகத் தீர்த்துவைப்போம், செலவெல்லாம் நம்முடையது என்றார். கரட்டுக்குப் போர்த்த ஷாமியானாத் துணியில் பொன்னாடை தைக்கச் சொன்னார், நையாண்டி மேளத்துக்கு முன்பணம் கொடுத்தார். வீட்டுக்கு மூத்தவள் நீங்கள், உங்கள் வாயால் கூப்பிட்டு, உங்கள் வாயாலேயே 'போயிட்டு வாங்க' என்று அனுப்பிவைத்தால் அது திரும்பி அது இருந்த இடத்துக்கே போய்விடும் அக்கா, களத்துக்கு வெயில் வந்துவிடும் என்றார். இத்தனை நாளில் என் களத்தைப் பற்றிப் பேசின முதல் ஆள். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிடவும் செய்தேன்.

விழா நாளன்று காலையிலேயே ஊர் திரண்டுவிட்டது. மேளம், மைக், மேடை எல்லாம் ரோட்டுப் பக்கம். நான் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, பிணங்கினவர் முகத்துக்கு நேரே போய்க் கூப்பிட்டால்தான் முறை, போன தடவை ரோட்டிலேயே நின்று முதுகுக்கு வெற்றிலை காட்டினதால்தான் அது அசையவில்லை, அந்தப் பக்கம் சுற்றிப் போகிறேன் என்றேன். பூல்பாண்டி வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் முழுக்கச் சீமைக்கருவை, முள் கிழிக்கும், குப்பைமேட்டுக் கண்ணாடிச் சில்லு குத்தும், மைக்கில் சொன்னால் கரட்டுக்குக் கேட்காதா என்றார். எனக்கு யாராவது வேண்டாம் என்றால்தான் கால் நிற்காது. மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

மேடையில் நின்று 'பெரியப்பா' என்று ஒரு தரம் கூப்பிட்டேன். மேளம் நின்றது. கரட்டின் மேல் இருந்த ஆடுகள் தலையைத் தூக்கின. குப்பைமேட்டைச் சுற்றி, முள்ளுக்குள் நுழைந்து, பாதி வழியில் நின்று இரண்டாம் தரம் 'பெரியப்பா' என்றேன். அப்போது கரடு எழுந்தது. குந்தியிருந்த கிழவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிற மாதிரி, முனகிக்கொண்டு, ஒரு சாண் உயரத்துக்குத் தரையைவிட்டு எழுந்தது. எழுந்த இடைவெளியில் காலை வெயில் அதன் அடியாகப் பாய்ந்து தெருவைத் தாண்டி என் களத்தில் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மாடத்தி, "அக்கா, வெயிலு வந்துட்டு" என்று கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்டது. அந்தக் குரலை நான் எப்படி மறப்பது?

இன்னும் ஒரே ஒரு தரம். முள்ளை விலக்கிக்கொண்டு அதன் முகத்துக்கு நேரே வந்து நின்றேன்.

அது முகம் இல்லை. பாதி கரட்டைக் காணவில்லை. பலாப்பழத்தைப் பிளந்த மாதிரி அந்தப் பக்கம் முழுக்கச் செங்குத்தாக அறுந்திருந்தது, அறுந்த கல் பச்சைப் புண்ணாக வெளிறிக் கிடந்தது. மிச்சமிருந்த பாறையில் பணியாரச் சட்டியில் இருக்கிற மாதிரி வரிசை வரிசையாகக் குழிகள், குழிக்குக் குழி சிவப்புப் பெயிண்டில் நம்பர். அது நம்மிடம் பிணங்கி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. வந்த நாளிலிருந்து முகத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு, அடிபட்ட முதுகை முள்ளுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. நாங்களோ அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து, பொய் எழுதி வாசித்து, பொன்னாடை தைத்துக்கொண்டிருந்தோம். வடக்கே அவ்வப்போது வெடிச் சத்தம் கேட்டபோது, யாரோ கிணறு வெட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வடகம் பிழிந்தவள்தான் நானும்.

பின்னாலேயே பூல்பாண்டி வந்துவிட்டார். வேட்டியெல்லாம் முள். என் கையில் இருந்த மைக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"இது யாரு செஞ்சது?" என்றேன்.

"நான்தான்க்கா. களவு ஒண்ணுமில்ல, குத்தகைக்கு எடுத்திருக்கேன்." குரலில் கோபமே இல்லை. "உங்க கொழுந்தன் புஸ்தகத்தைத்தான் ஆபீசுல கொண்டுபோய்க் காட்டினேன். அச்சாகும்போதே ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். சீமையில எதையும் விடாம எழுதின மனுஷரே இந்தக் கரட்டைப் பத்தி ஒரு வரி எழுதல, அப்போ இதுல ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம்னு கேட்டேன். உத்தரவு குடுத்துட்டாங்க."

"அதுக்கு இதை ஏன் திருப்பி அனுப்பணும்?"

"தெருவுக்குள்ள வெடி வைக்க முடியாதுல்லா. அந்த எடத்துல இருந்தாத்தான் அது என் கல்லு." கையை எடுக்காமலே குனிந்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார். "இன்னும் ஒரு தரம் கூப்பிட்டு, போயிட்டு வாங்கன்னு சொல்லிருங்க. உங்களுக்கு வெயிலு, எனக்குக் கல்லு. யாருக்கு நட்டம் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஆளின் மேல் கோபம், தடிமனாக ஒரு புத்தகம் எழுதி அதில் ஒரு வரி எழுதத் தெரியாத கொழுந்தன் மேல் கோபம், வாசப்பிணக்கு வாசப்பிணக்கு என்று கூத்தடித்த ஊர் மேல் கோபம். எல்லாவற்றையும்விட அந்தக் கரட்டின் மேல் கோபம். ஓடி ஒளிய இந்தச் சீமையில் உனக்கு என் கிழக்கு வாசல்தானா கிடைத்தது? எழுதினவன் வீட்டைத் தேடி வந்தாயே, பின்கட்டுப் பக்கமாக வந்திருக்கக் கூடாதா? அது ஒரு சாண் உயரத்தில் நின்றபடி, மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அனுப்பினால் போய்விடும். முறை சொல்லிக் கூப்பிட்டு அனுப்பினால் போகாமல் இருக்க அதற்குத் தெரியாது. கால் அடியில் சரளை நடுங்கி நடுங்கி உதிர்ந்தது. அதற்கப்பால், என் களத்தில், இத்தனை நாள் கழித்து வெயில்.

நான் பூல்பாண்டியின் கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டேன். தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், எங்கள் ஊரில் தாம்பாளத்தை நீட்டினால் யாருக்கும் வாங்காமல் இருக்க வராது.

"பெரியப்பா" என்று மூன்றாம் தரம் கூப்பிட்டேன். "நீங்க எங்கயும் போகாண்டாம். இங்கனயே இரிங்க."

கரடு உட்கார்ந்தது. டீக்கடைக் கிளாசெல்லாம் ஒரு குலுங்கு குலுங்கியது. என் களத்து வெயில் அணைந்துபோயிற்று.

ஊர் என்னைத் திட்டிய திட்டை எழுதினால் அதுவே ஒரு வரலாறு. நான் எல்லாரையும் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டின பிறகு திட்டு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பஸ் இன்னும் சுற்றித்தானே போக வேண்டும்? மாடத்தி திட்டவில்லை. புண்பட்ட கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அச்சை எடுத்துத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறேன் அக்கா என்றாள். சரி என்றேன். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

கொழுந்தன் தனியாகப் போய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, கை கழுவுகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். இனி என்ன எழுதி என்ன மதினி, அதில் நான் என்ன எழுத என்று கேட்டார். குழியை எழுதுங்கள், நம்பரை எழுதுங்கள், நீங்கள் அங்கே சோறு தின்றதை எழுதுங்கள், யார் புத்தகத்தைக் காட்டி உத்தரவு வாங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார். இந்தத் தடவை கரட்டுக்கு வாசித்துக் காட்டவில்லை, எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் 'ம்' கொட்டினேன்.

பூல்பாண்டி சண்டை போடவில்லை. ஷாமியானாவை மடித்து லாரியில் ஏற்றின பிறகு, என் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொழுந்தனின் புத்தகத்தை விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். படிப்பில் இவ்வளவு ஆசையா என்று காபி கொடுத்தேன். அவர் புத்தகத்தில் இருப்பதைப் படிக்கவில்லை, இல்லாததைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார்த்திகை முடிந்து மார்கழிப் பனி விலகின ஒரு காலையில், உச்சிப்பொழுது வெயிலுக்காவது ஆகட்டும் என்று களத்து நடுவே கிடைத்த இடத்தில் பாய் விரித்து, நான் ஒருத்தியாகக் கொஞ்சம் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். தெருவில் நாய்கள் குலைக்காமல் ஒதுங்கின. நாகமணி அண்ணாச்சி பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் வைத்துக் காலையும் மேலே தூக்கிக்கொண்டார். தெருவோடு தெருவாக, ஈரம் பட்டும் படாமல், தெற்கே ஊருக்கு வெளியே கிடக்கிற ஊமையன் ஓடை வந்துகொண்டிருந்தது. இரண்டு கொக்கும் சனங்கள் துணி துவைக்கிற கல்லும் கூடவே வந்தன. தண்ணீர் கணுக்கால் அளவுக்குக்கூட இல்லை. மணல் ஒரு பிடி இல்லை, வழித்தெடுத்த சட்டி மாதிரி களிமண் தெரிய, உடம்பெல்லாம் லாரி டயர் தடமாக, என் களத்து ஓரம்வரைக்கும் வந்து நின்றது. உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

நான் அதைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன், அதன் பெயரைச் சொல்லி, அது புறப்பட்ட ஊரைச் சொல்லி, இருப்பதே பாய் அகல வெயில், அதையும் பிடுங்க வந்தாயா என்று தொண்டை கட்டுகிறவரைக்கும் திட்டினேன். அது நின்றுகொண்டே இருந்தது. பின்கட்டுப் பக்கம் திரும்பி, தம்பி, இன்னொன்று வந்திருக்கிறது, பேனாவை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். பிறகு குனிந்து, பிழிந்த வடகத்தோடேயே பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினேன். சுருட்டின இடத்தில் அது மெல்ல வந்து படுத்துக்கொண்டது.